நுகர்ச்சிக்கும் தீர்ப்புக்கும் இடையே



சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வாழும் நம்மவர் காதில் நாள்தோறும் விழுகின்ற ஓரெழுத்துச் சொல் ஒன்று உண்டு. 'ரா' என்பது அது. தெலுங்கில் அது 'வா' என்று பொருள்படும். சொல்லின் ஈற்றில் ஒட்டி நின்று நம் 'டா' செய்யும் தொழிலையும் செய்யும். உடன் படித்த நண்பன் பேருந்து நிலையத்தில் 'ரா' என்று கூவி அழைத்தால் அதில் அன்பு இருக்கிறது. அதே சொல்லை, தலை நரைத்த நம் பெரியவர் ஒருவரை நோக்கி, அவர் பேரன் வயதுள்ள ஒருவன் சொன்னால், அதில் பல தலைமுறையாக வந்த இழிவு இருக்கிறது. இவ்விரண்டிலும் ஐயத்திற்கு இடமில்லை.

ஆனால் இவற்றிற்கு இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. ஒருவர் புதிதாக ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்கிறார். ஒத்த வயதுள்ள உடன் ஊழியர் ஒருவர் முதல் வாரத்திலேயே அவரை 'ரா' என்கிறார். இது நெருக்கமா, இளக்காரமா? குரலிலும் விடை இல்லை. முகத்திலும் விடை இல்லை. ஆயினும் கேட்டவருடைய நெஞ்சு அதற்குள் ஒரு விடையைச் சொல்லிவிட்டது. முகம் சிவந்தது, கை இறுகியது, இரவு முழுவதும் அந்த ஓரெழுத்து மனத்தில் சுழன்றது.

அந்த நொடியைப் பற்றியதே இப்பாடம். தெளிவில்லாத ஒன்றை மனம் எவ்வாறு பொருள் கொள்கிறது, அப்பொருளுக்கேற்ப எழும் கிளர்ச்சியை எவ்வாறு நெறிப்படுத்துகிறது என்பதைத் தம்மத்தின் துணையாலும், மூளையை ஆராய்வோர் அண்மைக் காலத்தில் கண்டறிந்தவற்றின் துணையாலும் காண்போம்.

1. ஊறு, நுகர்ச்சி, குறிப்பு

நம் மணிமேகலைக் காப்பியம் பன்னிரு சார்புகளை எடுத்துரைக்கும்போது பாலி மொழியின் பஸ்ஸம் என்பதை 'ஊறு' என்றும், வேதனா என்பதை 'நுகர்ச்சி' என்றும், தண்ஹா என்பதை 'வேட்கை' என்றும் தமிழாக்கி வழங்குகிறது. ஐங்கந்தங்களைக் கூறுமிடத்துச் சஞ்ஞா என்பதைக் 'குறிப்பு' என்றும், சங்காரம் என்பதைப் 'பாவனை' என்றும் கூறுகிறது. இச்சொற்களையே நாமும் இங்கு மேற்கொள்வோம்.

மஜ்ஜிம நிகாயத்தின் 18-ஆவது சூத்திரமாகிய மதுபிண்டிக சூத்திரத்தில் மகாகச்சானர் ஒரு வரிசையை விளக்குகிறார். கண்ணும் உருவமும் கண்ணறிவும் கூடுவது ஊறு. ஊற்றினின்று நுகர்ச்சி தோன்றும். ஒருவன் எதை நுகர்கிறானோ அதற்கு ஒரு குறிப்பு இடுகிறான்; குறிப்பிட்டதை எண்ணுகிறான்; எண்ணியதை விரிக்கிறான். இறுதியில் அவ்விரிவே அவனைச் சூழ்ந்து பற்றிக்கொள்கிறது. தொடக்கத்தில் எண்ணத்தை ஆள்பவனாகத் தோன்றியவன், முடிவில் எண்ணத்தால் ஆளப்படுபவனாகிறான்.

நுகர்ச்சி மூவகைப்படும்: இன்பம், துன்பம், இவ்விரண்டும் அல்லாதது. நம் பாடத்திற்கு இன்றியமையாதது மூன்றாவது வகையாகும். சூளவேதல்ல சூத்திரத்தில், தம்மதின்னா என்னும் பிக்குணி தம் முன்னாள் கணவராகிய விசாகருக்கு விடை பகரும்போது இதனைத் தெளிவாக்குகிறார். இன்பமும் துன்பமும் அல்லாத நுகர்ச்சி அறியப்படும்போது இன்பமாகிறது. அறியப்படாதபோது துன்பமாகிறது என்பது அவர் விளக்கத்தின் சாரம். ஒரு பிக்குணி உரைத்த இச்சொல்லைப் பகவான் தாமே உடன்பட்டுப் போற்றினார் என்று சூத்திரம் முடிகிறது.

இரண்டுமல்லாததைத் துன்பமாக்குவது எது? பொருளன்று, அதனை அறியாமையே. இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு மூளை ஆராய்ச்சிக்குச் செல்வோம்.

2. வியப்புற்ற முகம்

மனிதமுகம் காட்டும் குறிகளுள் சினமும் மகிழ்ச்சியும் ஐயமற்றவை. வியப்போ அவ்வாறன்று. அகன்ற கண்களும் திறந்த வாயும் நற்செய்தி கேட்டவனுக்கும் உண்டு. காலடியில் பாம்பைக் கண்டவனுக்கும் உண்டு. ஆகவே வியப்புற்ற முகத்தின் படத்தைக் காட்டி, 'இது நல்லதா, தீயதா?' என்று கேட்டால், விடை படத்திலிருந்து வருவதில்லை, பார்ப்பவரிடமிருந்து வருகிறது.

பால் வேலன், ஹாக்ஜின் கிம் முதலிய ஆராய்ச்சியாளர் 2003-இல் இவ்வகைப் படங்களைப் பலருக்குக் காட்டி, அந்நேரத்தில் அவர்கள் மூளையின் இயக்கத்தைக் காந்த அலைக் கருவியால் அளந்தனர். முகத்தைத் தீயதென்று கொண்டவர்களிடம் அமிக்டலா என்னும் பகுதி மிகுதியாகத் தொழிற்பட்டது. நல்லதென்று கொண்டவர்களிடம் நெற்றிக்குப் பின்னே, மூளையின் நடுவிற் கீழாக அமைந்த முன்புறணிப் பகுதி மிகுதியாகத் தொழிற்பட்டது.

அமிக்டலா என்பது வாதுமைப் பருப்பின் வடிவினதாகக் காதுக்கு நேர் உட்புறத்தே பக்கத்திற்கு ஒன்றாக அமைந்திருக்கிறது. அச்சத்தின் இருப்பிடம் என்று அதனைச் சிலர் சொல்லிவிடுகின்றனர். அது முழு உண்மையன்று. 'இது கவனிக்கத் தக்கது; இதன் பொருள் இன்னும் தெரியவில்லை' என்று உடலுக்கு அறிவிப்பதே அதன் பெரும் பணி. காவற்காரன் மணியடிக்கிறான், வந்தவன் திருடனா விருந்தினனா என்பதை ஆராய்வது வீட்டுக்குள் இருப்போர் கடமை. முன்புறணி அவ்வாறு ஆராய்வோரைப் போன்றது. உவமை எளிதாக்குவதற்கு மட்டுமே. மெய்யாக மூளையில் இவ்விரு பகுதிகளும் இடைவிடாது ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

மைதல் நேட்டா, வேலன் ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இன்னொரு செய்தி புலனாயிற்று. வியப்புற்ற முகத்தின் நுண்கோடுகளை நீக்கி, மங்கலான பெருவடிவத்தை மட்டும் காட்டியபோது, அதனைத் தீயதென்று கொள்ளும் போக்கு கூடியது. பருவடிவச் செய்தியே மூளையில் முந்திச் செல்வதாகும். ஆகவே தெளிவற்றதைக் குறித்து மனம் முதலில் எழுதும் குறிப்பு பெரும்பாலும் தீமையின் பக்கமே சாய்கிறது என்றும், நன்மையின் குறிப்பு அதன் பின்னரே, சற்று முயற்சியோடு எழுதப்படுகிறது என்றும் அவர்கள் கருதினர். சிறு பிள்ளைகள் வியப்புற்ற முகத்தைப் பெரியவர்களைவிட மிகுதியாகத் தீயதென்று கொள்வதை 2013-இல் நிம் டாட்டன்ஹாம் முதலியோர் கண்டனர். நல்லபடி பொருள்கொள்ளும் திறம் வளர வளர வருவது என்பதற்கு அதுவும் ஒரு சான்றாகும்.

3. அலிபிரிப் பாதையில் அசையும் புதர்

மனம் ஏன் தீமையின் பக்கம் முந்துகிறது? இதற்கு நம் ஊர்ச் செய்தி ஒன்றே விளக்கமாகும்.

திருப்பதியின் அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் உடையது. அப்பாதை சேஷாசலக் காட்டினூடே செல்கிறது. 2023 ஜூன் மாதத்தில் அங்கு ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்று விட்டுவிட்டது. அவன் உயிர் பிழைத்தான். அவ்வாண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் இரவில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி விலங்கால் கொல்லப்பட்டாள். அதன் பிறகு தேவஸ்தானத்தார் பிள்ளைகள் அப்பாதையில் செல்லும் நேரத்தைக் கட்டுப்படுத்தினர். நடந்து செல்வோர்க்குக் கைத்தடி வழங்கினர். வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தனர்.

அந்த ஆகஸ்டுக்கு முன்னர் அந்திநேரத்தில் புதர் அசைந்தால் நடப்பவர் மனம் 'காற்று' என்று குறிப்பெழுதியது. பின்னரோ அதே அசைவு 'சிறுத்தை' ஆயிற்று. புதர் மாறவில்லை; ஒளி மாறவில்லை; பாவனை மாறிற்று. காற்றைச் சிறுத்தை என்று பிழைபடக் கொண்டால் இழப்பு ஒரு நொடி நடுக்கம். சிறுத்தையைக் காற்று என்று பிழைபடக் கொண்டால் இழப்பு உயிர். இரண்டு பிழைகளின் விலையும் ஒன்றல்ல. எனவே, தெளியாத இடத்தில் தீயதென்று கொள்ளும் மனம் மூடமனமன்று. உயிரைக் காக்கக் கற்ற மனம்.

நம் மக்களின் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெருவில் செருப்பணிந்து நடந்ததற்கும், கிணற்றைத் தொட்டதற்கும் அடிபட்ட முன்னோரின் பிள்ளைகள் நாம். எதிரில் வருபவரின் முகக்குறியை முன்னதாகவே படித்து ஒதுங்குதல் அவர்களுக்கு உயிர்காக்கும் கல்வியாக இருந்தது. அக்கல்வி வீட்டில் தாயின் எச்சரிக்கைச் சொல்லாகவும், தந்தையின் தாழ்ந்த குரலாகவும் நமக்கு வந்து சேர்ந்தது. ஆகவே, ஐயமான முகத்தில் இகழ்ச்சியை முதலிற் காணும் நம்மவரை 'எதற்கெடுத்தாலும் குற்றம் காண்பவர்' என்று பிறர் கூறுவது அறிவின்மை. அலிபிரியில் தடியோடு நடப்பவனை எவரும் கோழை என்பதில்லை.

ஆயினும் காவலுக்கு ஒரு விலை உண்டு. இரவு முழுதும் மணியடிக்கும் காவற்காரன் இருக்கும் வீட்டில் எவருக்கும் உறக்கம் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கறுப்பின மாணவர்களைப் பற்றி 2002-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, நிறம் பற்றிய புறக்கணிப்பை எப்போதும் எதிர்நோக்கி அஞ்சியவர்களுக்கு அந்நிறுவனத்தோடு ஒட்டி வாழ்தல் கடினமாயிற்று என்று கண்டது. புறக்கணித்தவன் செய்த கேடு ஒன்று. அதனை எதிர்நோக்கியே கழியும் நாட்களின் கேடு மற்றொன்று. சல்ல சூத்திரத்தில் பகவான் கூறிய இரண்டு அம்புகளை இங்கு நினைவுகூர்க. முதல் அம்பு பிறர் எய்வது. இரண்டாவது அம்பு நம் மனம் தன்மீதே எய்வது.

4. பொருளைத் தருவது சூழலும் பாவனையும்

2004-இல் கிம்மும் வேலனும் உடன் உழைத்தோரும் மற்றொரு சோதனை செய்தனர். அதே வியப்புற்ற முகத்தைக் காட்டும் முன்னர் ஒரு வாக்கியத்தைப் படிக்கச் செய்தனர். சிலபோது, 'இவள் இப்போதுதான் 500 டாலரை இழந்தாள்' என்பது போன்றது. சிலபோது, 'கண்டெடுத்தாள்' என்பது போன்றது. தீய செய்தியைத் தொடர்ந்து வந்த முகத்திற்கு அமிக்டலா மிகுதியாகக் கிளர்ந்தது. நல்ல செய்தியைத் தொடர்ந்து வந்தபோது அவ்வாறு கிளரவில்லை. முகம் ஒன்றே, முன்னே வந்த வாக்கியம் வேறு. நாம் ஒவ்வொருவரும் பிறர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னரே ஒரு வாக்கியத்தை உள்ளே படித்துவிடுகிறோம். அந்த வாக்கியம் எது என்று அறிவது சாதகனின் முதற்கடமை.

உணர்ச்சி மிகுவதால் மட்டுமன்றி, குறைவதாலும் மனம் கதை கட்டும். தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் மூளை ஆராய்ச்சி செய்து புகழ்பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டைன் என்பாரோடு சேர்ந்து 1997-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். விபத்தில் தலையில் அடிபட்ட அந்த இளைஞர், தம் தாயை நேரிற் கண்டால், 'இவர் என் தாயைப் போலவே இருக்கும் வேறொருத்தி' என்பார். தொலைபேசியில் குரலைக் கேட்டாலோ தாய் என்றே அறிவார். அறிந்த முகங்களைக் காணும்போது தோலில் தோன்ற வேண்டிய நுண்ணிய கிளர்ச்சி அவரிடம் தோன்றவில்லை. முகத்தை அறியும் பகுதிக்கும் உணர்ச்சிப் பகுதிக்கும் இடையே தொடர்பு அறுந்திருக்க வேண்டும் என்று ராமச்சந்திரன் விளக்கினார். முகம் தெரிகிறது; பாசம் சுரக்கவில்லை. இம்முரண்பாட்டைத் தாங்க இயலாத மனம், 'இவள் போலி' என்று தீர்ப்பெழுதிவிடுகிறது. தெளிவின்மையோடு சற்று நேரம் இருப்பதைவிடப் பொய்யான தெளிவை மனம் விரும்புகிறது என்பதற்கு இதனினும் கூரிய சான்று அரிது.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாமல் இல்லை. பௌத்தத் தருக்கத்தின் பேராசானாகிய தர்மகீர்த்தி தென்னாட்டவர். ஏழாம் நூற்றாண்டினர் என்பர் பலர். திபெத்திய வரலாற்றாசிரியர் தாரநாதர் 1608-இல் எழுதிய நூலில் அவர் பிறந்த ஊரைத் திரிமலயம் என்று குறித்தார். அது நம் திருமலையே என்று கருதுவோரும் உளர். அவர் தம் பிரமாணவார்த்திகத்தில், வேட்கை, துயரம், அச்சம், பித்து ஆகியவற்றால் கலங்கியவர்கள் இல்லாத பொருளையும் கண்முன்னே நிற்பது போலவே காண்கின்றனர் என்று எடுத்துக்காட்டினார். மனம் இட்ட குறிப்பின் கலப்பற்றதே நேர்க்காட்சி என்பது அவர் கொள்கை. கண்டது வேறு, கருதியது வேறு என்று பிரித்துக் காட்டுவதே அவர் வாழ்நாட்பணி. அவரே சாதிப்பெருமையை மந்தபுத்தியின் ஐந்து அடையாளங்களுள் ஒன்றாக எண்ணிவைத்தார் என்பதும் நாம் மறவாது போற்றத் தக்கது. சாதிப்பெருமை என்பதுதான் யாது? ஒரு மனிதனைக் கண்டவுடன், கண்டதை விட்டுக் கருதியதைப் பற்றிக்கொள்வதன்றோ!

5. நெறிப்படுத்தும் வழிகள்

அடக்குதல் நெறிப்படுத்துதல் ஆகாது என்பதை முதலில் உணர்க. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆகியோர் 1993-இல் செய்த சோதனையில், அருவருப்பூட்டும் காட்சியைக் கண்டும் முகத்தில் எதனையும் காட்டாது அடக்கியவர்களுக்கு உள்ளே தோன்றிய அருவருப்பு குறையவில்லை; உடலின் உட்கிளர்ச்சி சிலவகையில் மிகுந்தது. பல்லைக் கடித்துச் சிரிப்பவன் பொறுமையாளன் அல்லன். விசுத்திமார்க்கத்தை இயற்றிய புத்தகோசர், காஞ்சியில் தங்கியிருந்ததாகத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் குறிப்பவர். நடுவுநிலைமையாகிய உபேக்கைக்கு அருகில் நின்று ஏமாற்றும் பகை ஒன்று உண்டு என்று அவர் எச்சரித்தார். அறியாமையால் வரும் மரத்துப்போன அசட்டையே அது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்று அறிந்து அமைதல். மற்றது அறியாது கிடத்தல்.

அவ்வாறாயின் செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, நுகர்ச்சிக்குப் பெயரிடுதல். சதிபட்டான சூத்திரம் துன்ப நுகர்ச்சி தோன்றும்போது துன்ப நுகர்ச்சி என்று அறியுமாறும், இரண்டுமல்லாதது தோன்றும்போது அதனை அவ்வாறே அறியுமாறும் பணிக்கிறது. மேத்யூ லீபர்மன் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணர்ச்சி காட்டும் முகத்தைக் கண்டு அவ்வுணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களிடம் அமிக்டலாவின் கிளர்ச்சி குறைந்தது. வலப்புற முன்புறணியின் ஒரு பகுதி மிகுதியாகத் தொழிற்பட்டது. 'அவன் என்னை இகழ்ந்தான்' என்பது பெயரிடுதல் அன்று, அது தீர்ப்பு. 'நெஞ்சில் சூடு, கையில் இறுக்கம், இது அவமதிப்பின் அச்சம்' என்பதே பெயரிடுதல்.

இரண்டாவது, காலம் கொடுத்தல். வியப்புற்ற முகத்தைக் குறித்து விடையளிக்க நீண்ட நேரம் எடுத்துக்கொண்டவர்களின் தீர்ப்பு நன்மையின் பக்கம் மிகுதியாகச் சாய்ந்ததை நேட்டாவும் உடனாய்வாளரும் 2016-இல் கண்டனர். முதற்குறிப்பு தானே வரும்; இரண்டாவது குறிப்புக்கு நாம் இடம் விட வேண்டும்.

மூன்றாவது, சூழலை விசாரித்தல். அவர் எல்லாரையும் 'ரா' என்கிறாரா, என்னை மட்டுமா? மேலதிகாரியின் மகனையும் அவ்வாறே அழைக்கிறாரா? நான் திருப்பி 'ரா' என்றால் சிரிப்பாரா, முகம் மாறுவாரா? இவை ஆராய்ந்து அறியக் கூடியவை.

நான்காவது, இடையறாப் பயிற்சி. நிக்கோலஸ் ஹார்ப், நேட்டா முதலியோர் 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எட்டு வார விழிப்புணர்வுப் பயிற்சி பெற்றவர்கள் தெளிவற்ற முகங்களை முன்னைவிட நல்லபடியாகப் பொருள்கொண்டனர். பயிற்சி முடிந்து சில வாரங்கள் கழிந்த பின்னரும் அம்மாற்றம் நின்றது. அப்பயிற்சி ஜான் கபட்-சின் என்பவர் 1979-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் தொடங்கியது. பௌத்தத் தியான முறைகளிலிருந்து வடிக்கப்பெற்றது. ஆராய்ச்சி சொன்னதால்தான் தம்மம் உண்மையாயிற்று என்று நாம் கொள்ள வேண்டுவதில்லை. தம்மம் விடுதலையை நாடுவது. ஆராய்ச்சி அளவிடுவதை நாடுவது. இருவேறு பாதைகளும் ஒரே ஊற்றங்கரையில் சந்திக்கும்போது நீர் உண்டென்பது உறுதியாகிறது, அவ்வளவே.

6. இகழ்ச்சி மெய்யாயின்

இங்கு ஒரு தடை எழுப்பலாம். 'எல்லாவற்றையும் நல்லதென்று கொள் என்கிறீரா? இகழ்பவன் இகழ்ந்துகொண்டே இருக்க, நாம் மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பதா?'

அன்று. இப்பாடத்தில் அவ்வாறு ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. சிறுத்தையைக் காற்று என்று எண்ணிக்கொள்வது தியானம் ஆகாது. நல்லதென்று பொருள்கொள்வதும் நம் இலக்கன்று. உள்ளது உள்ளவாறு அறிவதே இலக்கு. தெளிவற்றதைத் தெளிவற்றது என்று அறிக. தெளிவானதைத் தெளிவானது என்று அறிக.

இவ்வறிவு நீதிமன்றத்திற்கும் வேண்டும். 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பட்டியல் சாதியினராய் இருந்து பௌத்தம் தழுவியோர் பட்டியல் சாதித் தகுதியை இழப்பதில்லை. ஆகவே 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவர்களையும் காக்கிறது. இழிவுபடுத்தும் நோக்கத்துடன், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில், வேண்டுமென்றே அவமதிப்பதை அச்சட்டம் குற்றமாக்குகிறது. நோக்கம் எது, இடம் எது, சாட்சி யார் என்று நீதிமன்றம் கேட்கும். 'அவர் பார்த்த பார்வையே சரியில்லை' என்பவரின் வழக்கு நில்லாது. 'இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம். இன்ன சொற்களைச் சொன்னார். இன்னார் கேட்டார்' என்பவரின் வழக்கு நிற்கும். கண்டதையும் கருதியதையும் பிரிக்கக் கற்றவன் அடங்கிப் போவதில்லை, அசைக்க முடியாதவனாகிறான். பாபாசாகேப் அம்பேத்கர் நமக்குச் சட்டத்தையும் தம்மத்தையும் ஒரு கையாலேயே தந்தார் என்பதன் பொருள் இங்கு விளங்கும்.

7. நம்முள்ளே எழும் ஐயம்

பிறர் முகம் மட்டுமன்று. நம் நெஞ்சமும் சிலபோது தெளிவற்ற முகமே. திருப்பதியில் வாழும் பௌத்தர் வீட்டுக்கு அண்டை வீட்டு அம்மையார் மலையிலிருந்து கொண்டுவந்த லட்டை எடுத்து வருகிறார். வீட்டார் 1956-இல் நாகபுரியில் பாபாசாகேப் அளித்த 22 உறுதிமொழிகளை ஏற்றவர்கள். லட்டின் மணம் இளமைக் காலத்தை நினைவூட்டுகிறது. உறுதிமொழி நிமிர்ந்து நிற்கச் சொல்கிறது. 'நம்மைச் சோதிக்கிறாரோ' என்னும் ஐயம் குறுக்கிடுகிறது. பாசம், உறுதி, ஐயம் ஆகிய மூன்றும் ஒரே நொடியில் எழுகின்றன. தெருவில் செல்லும் வண்டியிலிருந்து 'கோவிந்தா' என்னும் பேரொலி எழும்போது உடல் சிலிர்ப்பதைக் கண்டு, 'நான் இன்னும் பழைய சமயத்தை விடவில்லையோ' என்று அஞ்சும் புதியோரும் உளர்.

சிலிர்ப்பு ஒரு நுகர்ச்சி, கொள்கை அன்று. பல ஆண்டுகள் உடலிற் பதிந்த பாவனை ஒலி கேட்டதும் விழித்தெழுகிறது, அவ்வளவே. ஸ்டான்லி ஷாக்டர், ஜெரோம் சிங்கர் ஆகியோர் 1962-இலேயே, உடலிற் கிளர்ச்சி ஒன்றாக இருக்க, அதற்கு இன்ன உணர்ச்சி என்று பெயர் தருவது சூழ்நிலையே என்னும் கொள்கையை முன்வைத்தனர். பிற்காலத்தார் அதனைப் பலவாறு திருத்தினரேனும், உடற்கிளர்ச்சி தன் பொருளைத் தானே சொல்வதில்லை என்னும் கருத்து நிலைத்தது. மலைப்படி ஏறியவனுக்கு நெஞ்சு படபடப்பது பக்தியாலும் இருக்கலாம். 3,550 படியாலும் இருக்கலாம். ஆகவே சிலிர்ப்பைக் கண்டு நாணவும் வேண்டாம். அதனை வெறுப்பாக மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். 'பழைய பாவனை எழுந்தது' என்று அறிந்தால் போதும். அறியப்பட்டது இன்பமாகும் என்று தம்மதின்னா சொன்னாரன்றோ.

அண்டை வீட்டம்மையாரிடம் லட்டை வாங்குவதா, அன்போடு மறுப்பதா என்பது அவரவர் உறுதியைப் பொறுத்தது. எதைச் செய்யினும், வாசலில் நிற்பவர் முகத்தில் நாம் எழுதிய கதைக்கு விடையளிக்காமல், அவர் சொன்ன சொல்லுக்கு விடையளிப்போமாக. மெய்யாக நமக்குத் தெரிந்தது, ஓர் அம்மையார் தமக்கு அரியதென்று எண்ணிய பண்டத்தில் பாதியை நமக்குக் கொண்டுவந்தார் என்பது மட்டுமே.

8. பயிற்சி

வரும் பௌர்ணமி உபோசத நாளிலிருந்து அடுத்த பௌர்ணமி வரை நாள்தோறும் இரவில் கால் மணி நேரம் ஒதுக்குக. முதல் ஐந்து நிமிடம் மூச்சைக் கவனித்திருக்க. பின்னர் அன்று நேர்ந்த தெளிவற்ற நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூர்ந்து, ஒரு குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுக. முதல் வரி, கண்டதும் கேட்டதும். இரண்டாம் வரி, உடலிலும் நெஞ்சிலும் எழுந்த நுகர்ச்சி. மூன்றாம் வரி, மனம் கொண்ட பொருள். மூன்றாம் வரியின் இறுதியில் 'உறுதி' என்றோ 'ஐயம்' என்றோ ஒரு சொல் சேர்க்க. 'ஐயம்' என்று எழுத நேரும் நாட்களே பயிற்சி பலித்த நாட்கள்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

(1) ஊறு, நுகர்ச்சி, குறிப்பு ஆகியவற்றை உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

(2) இரண்டுமல்லாத நுகர்ச்சி அறியப்படாதபோது ஏன் துன்பமாகிறது?

(3) தெளிவற்றதைத் தீயதென்று முதலிற் கொள்ளும் மனத்தின் பயன் யாது? அதன் விலை யாது?

(4) அடக்குதல், அசட்டை, உபேக்கை ஆகிய மூன்றையும் வேறுபடுத்துக.

(5) மெய்யான இகழ்ச்சிக்கு எதிராக நிற்பதற்கு, கண்டதையும் கருதியதையும் பிரித்தறிதல் எவ்வாறு துணை செய்கிறது?

நமோ புத்தாய.